தொங்குவது தோலா, கொழுப்பா, தசையா?

தோல் நலம்: வாசகர் கேள்விகளும் டாக்டரின் பதில்களும்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கழுத்தையும் தாடையையும் பற்றியே இருக்கின்றன. முகத்துக்கு எத்தனையோ பூசுகிறோம், கழுத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் பருவைப் பற்றியும் பொடுகைப் பற்றியும் எழுதியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் வடசேரியிலிருந்து ஒரு ஆசிரியை:

*டாக்டரம்மா, எனக்கு வயது 53. மாதவிடாய் நின்று மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் தாடை ஓரத்தில் இரண்டு பக்கமும் சதை தொங்க ஆரம்பித்தது. கழுத்தும் தளர்ந்துவிட்டது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம், இன்னும் மூன்றரை மாதம்தான் இருக்கிறது. ஒரு இடத்தில் ஹைஃபூ செய்யச் சொல்கிறார்கள். இன்னொரு இடத்தில் நூல் போட்டு இழுத்தால் பத்து வயது குறையும் என்கிறார்கள், இரண்டையும் சேர்த்து பேக்கேஜாகவும் தருவார்களாம். வீட்டில் சொன்னால் "இந்த வயசில் இது என்னத்துக்கு" என்று சிரிக்கிறார்கள்.*

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். கல்யாணத்தன்று எல்லா போட்டோவிலும் நிற்கப்போவது நீங்கள்தான், ஆல்பத்தை வருஷக்கணக்கில் புரட்டப்போவதும் நீங்கள்தான். ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த பேக்கேஜ் வேண்டாம். உங்களுக்குத் தொங்குவது எது என்று யாராவது தொட்டுப் பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதைப் பார்க்காமல் எந்த மிஷின் என்று எப்படி முடிவு செய்தார்கள்?

மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருஷத்தில் தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்குவதால் வரும் நஷ்டம் இது. "போன வருஷம் வரை நல்லாத்தானே இருந்தேன்" என்று உங்கள் வயதில் வருகிற எல்லாரும் சொல்வது அதனால்தான். ஆனால் தாடை ஓரம் தொங்குவதற்குத் தோல் மட்டும் காரணம் இல்லை. வயதாக ஆகக் கீழ்த்தாடை எலும்பே கொஞ்சம் தேய்ந்து சிறுக்கிறது, பல் போன இடத்தில் இன்னும் அதிகமாகத் தேயும். கன்னத்துக் கொழுப்பு கீழே இறங்குகிறது. முகவாய்க்குப் பக்கத்தில் தோலை எலும்போடு கட்டி வைத்திருக்கும் ஒரு நார் உண்டு. அது விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும், அதற்குப் பின்னால் இருக்கும் சதை மட்டும் வழிந்து இறங்கும். வாய் ஓரத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில் கைக்கண்ணாடியோடு உட்காருங்கள். முகவாய்க்குக் கீழே இரண்டு விரலால் கிள்ளுங்கள். கனமாகக் கையில் வந்தால் கொழுப்பு, மெல்லிசாக மடிந்து வந்தால் தோல். அடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு "ஈ" என்று வாயைக் கீழ்ப்பக்கமாக இழுங்கள். கழுத்தில் மேலிருந்து கீழாகக் கயிறு எழும்பினால் அது பிளாட்டிஸ்மா என்ற தசை. பிறகு மல்லாந்து படுத்துப் பாருங்கள். படுத்ததும் தாடைக் கோடு பழையபடி தெரிந்தால் தோலும் அதன் அடித்திசுவும் தளர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். படுத்தும் அப்படியே இருந்தால் கொழுப்பாக இருக்கலாம், தாடைக்கு அடியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி கீழே இறங்கியும் இருக்கலாம். கடைசியாக, காதுக்கு முன்னால் விரலை வைத்து ஒரு சென்டிமீட்டர் மேலும் பின்னுமாகத் தள்ளுங்கள். அவ்வளவுக்கே உங்களுக்குத் திருப்தி என்றால் மிஷின் சிகிச்சைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் நிறைய இழுத்தால்தான் சரியாகும் என்றால், எந்த மிஷினும் அதைத் தராது. அதற்கு ஆபரேஷன்தான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஹைஃபூவில் ஒலி அலையைத் தோலுக்கு அடியில் ஒரு புள்ளியில் குவித்துச் சூடாக்குகிறார்கள். 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் என்று ஆழத்துக்கு ஏற்ற முனைகள் இருக்கின்றன. குவியும் புள்ளியில் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறும். பழைய கொலாஜன் சுருங்கி, புதியது ஊற வேண்டும். ஊறுவதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், ஆறு மாதம் வரைகூட மெல்ல மாறிக்கொண்டிருக்கும். செய்த மறுநாள் கண்ணாடியில் தெரிவது பெரும்பாலும் வீக்கம். அல்தெரபி என்ற கருவிக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-இல் புருவத்தைத் தூக்கவும், 2012-இல் முகவாய் அடிக்கும் கழுத்துக்கும் அனுமதி கொடுத்தது. அதில் எந்த அடுக்கில் சூடு விழுகிறது என்று திரையில் பார்த்துக்கொண்டே செய்யலாம். ஹைஃபூ என்று போர்டு மாட்டிய இடங்களில் எல்லாம் அந்தத் திரை இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், கேட்டுப் பாருங்கள். நல்ல கையில் செய்தாலும் கிடைப்பது மிதமான இறுக்கம்தான். ஒல்லியான முகத்தில் ஆழமாகப் பாய்ச்சினால் கன்னத்துக் கொழுப்பும் கரைந்து முகம் ஒட்டிப்போகும். நீங்கள் ஒல்லியா, பூசினாற்போல் உடம்பா என்று எழுதவில்லை. ஒல்லி என்றால் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

தோலுக்கு அடியில் விட்டுத் தூக்கும் நூலுக்குப் பெரும்பாலும் பிடிஓ என்ற பொருளைப் பயன்படுத்துகிறார்கள். ஆபரேஷன் தையலுக்குப் போடுகிற அதே பொருள்தான். ஆறு மாத வாக்கில் கரைந்துவிடும், தூக்கி நிற்பது ஒரு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம். தாடை ஓரத்தில் லேசான தொய்வுக்குப் பரவாயில்லை, கழுத்துக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சில பேருக்குக் கன்னத்தில் குழி விழும், நூல் முனை தோலில் தட்டுப்படும், சீழ் வைப்பதும் உண்டு. பத்து வயது குறையும் என்று சொன்னவரிடம், செய்து ஒரு வருஷம் கழித்து எடுத்த போட்டோவைக் கேளுங்கள். மறுநாள் போட்டோ எல்லாரிடமும் இருக்கும்.

தை கல்யாணத்துக்கு ஹைஃபூ வேண்டுமென்றால் இந்த வாரமோ அடுத்த வாரமோ செய்ய வேண்டும். மாதம் ஒன்று தள்ளிப்போட்டால் வீண். நூலானால் கல்யாணத்துக்கு ஆறு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். கடைசி ஒரு மாதத்தில் புதிதாக எதையும் முகத்திலோ கழுத்திலோ செய்துகொள்ளாதீர்கள், பார்லரில் ஓசியாகச் செய்துவிடும், தோலை உரிக்கிற பீல் உட்பட. அந்தச் சோதனையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டியிருந்தது என்றால், இரண்டுக்கும் பணம் கட்டாமல் ஜாக்கெட் கழுத்தை நல்ல தையல்காரரிடம் கொடுத்துத் தையுங்கள். போட்டோகிராஃபரிடம் கீழேயிருந்து எடுக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். கல்யாணக் களேபரம் அடங்கிய பிறகு ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம்.

தக்கலையிலிருந்து ஒரு வாசகி, 38 வயது:

*கழுத்துக்கு முன்னால் கொஞ்ச நாளாகப் புடைத்துக்கொண்டு இருக்கிறது. கொழுப்பு சேர்ந்திருக்கிறது, கரைக்கிற ஊசி நான்கு போட்டால் போதும் என்று தெரிந்த பியூட்டிஷியன் அக்கா சொல்கிறாள். போடலாமா? உடம்பும் இப்போது லேசாக அசதியாகவே இருக்கிறது.*

வேண்டாம், வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரோடு கண்ணாடி முன்னால் நில்லுங்கள். தலையைக் கொஞ்சம் அண்ணாந்து, ஒரு வாய் குடித்து விழுங்குங்கள். விழுங்கும்போது அந்தப் புடைப்பும் மேலே ஏறி இறங்கினால் அது தைராய்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நாக்கை வெளியே நீட்டும்போது மேலே ஏறுகிறதென்றால் அது பிறவியிலேயே வருகிற ஒரு நீர்க்கட்டியாக இருக்கலாம். இரண்டுமே கொழுப்பு இல்லை. ஏறாவிட்டாலும் டாக்டர் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். அசதி என்றும் எழுதியிருக்கிறீர்கள், ஆகவே தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனையும் கழுத்துக்கு ஸ்கேனும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். செலவு யோசனையாக இருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

அந்த ஊசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். அதன் பெயர் டியாக்சிகோலிக் அமிலம். நம் பித்தநீரிலேயே இருப்பது, கொழுப்பு செல்லின் சுவரை உடைக்கும். முகவாய்க்கு நேர் கீழே இருக்கும் கொழுப்புக்கு மட்டும் என்று 2015-இல் எஃப்டிஏ அனுமதித்தது. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் குறைந்தது ஒரு மாத இடைவெளி, அதிகபட்சம் ஆறு தடவை. போட்ட பிறகு ஒரு வாரத்துக்கு மேலேகூட முகவாய் அடி வீங்கி உப்பி இருக்கும். இடம் தவறிப் போட்டால் கீழுதட்டை அசைக்கும் நரம்பு அடிபட்டுச் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணும். விழுங்கச் சிரமம் வருவதும் உண்டு. கொழுப்பு போன பிறகு அதன் மேலிருந்த தோல் சுருங்கவில்லை என்றால் அது இன்னும் தொங்கும். ஆக, தளர்ந்த தோலுக்கு இது மருந்தே இல்லை. எம்பிபிஎஸ் முடித்து, தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் பதிவு செய்த டாக்டர், அதிலும் தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ போட வேண்டிய ஊசி. அக்காவிடம் புருவம் திருத்திக்கொள்ளுங்கள், நன்றாகவே செய்வாள்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர், 46 வயது:

*மேடம், நான் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். சுகர் வந்தது. டாக்டர் சொல்லி வாரம் ஒருமுறை போடும் ஊசி எடுத்து, சாப்பாட்டையும் குறைத்து, நடந்து, 26 கிலோ இறக்கினேன். எல்லாரும் பாராட்டுகிறார்கள், ஆனால் சேவலுக்குத் தொங்குவதுபோலக் கழுத்தில் தோல் தொங்குகிறது. நண்பர்கள் கேலி செய்கிறார்கள். இது தானாகச் சுருங்குமா?*

26 கிலோவுக்கு என் கையையும் சேர்த்துத் தட்டிக்கொள்ளுங்கள், தம்பி. முப்பது வயதுக்குள் குறைத்திருந்தால் பெருமளவு சுருங்கியிருக்கும். 46-இல் ஓரளவு சுருங்கும், முழுதாகச் சுருங்காது. வருஷக்கணக்கில் விரிந்து கிடந்த எலாஸ்டின் (தோலை ரப்பர்போல இழுத்துச் சுருக்குவது) நார் அறுந்துவிட்டால் புதிதாக முளைப்பது மிகவும் குறைவு. புகைபிடிப்பவர் என்றால் இன்னும் மோசம். எடை கடைசியாக ஒரே அளவில் ஆறு மாதமாவது நிற்கட்டும், அதுவரை எதிலும் இறங்க வேண்டாம். இன்னும் ஐந்து கிலோ இறங்கினால் இப்போது செய்தது வீணாகும். சாப்பாட்டைக் குறைத்தவர்கள் புரதத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறார்கள். மீன் நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது, பொரிக்காமல் குழம்பாகச் சாப்பிடுங்கள்.

ஆறு மாதம் கழித்தும் தொங்கினால் ஆபரேஷன்தான் சரி. இவ்வளவு எடை குறைந்தவர்களுக்கு மின்சாரத்தால் தோலைச் சூடாக்கும் ரேடியோ ஃப்ரீக்வன்சி, ஹைஃபூ எல்லாம் பணத்துக்குத்தான் கேடு. ஆண்களுக்கு ஒரு விஷயம், பல பேர் முன்கூட்டிச் சொல்வதில்லை: காதுக்கு முன்னால் வெட்டித் தோலைப் பின்னால் இழுக்கும்போது தாடி முளைக்கிற தோலும் காதோரம் வரை போய்விடும். பிறகு காதை ஒட்டி, சில பேர் காதுக்குப் பின்னாலும் ஷேவ் செய்ய வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க விரும்பினால் கழுத்து நடுவில் நேராகவே வெட்டி அதிகத் தோலை எடுக்கும் முறை உண்டு. தழும்பு முன்னாலேயே இருக்கும், தாடி வைப்பவர்களுக்கு மறைந்துவிடும். தோலுக்கடியில் ரத்தம் கட்டுவது பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த வாராந்திர ஊசியைப் பற்றி மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது இரைப்பையை மெதுவாகக் காலியாக்கும், வெறும் வயிறு என்று நீங்கள் நினைத்திருக்கும்போதும் உள்ளே சாப்பாடு கிடக்கும். எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாமல் எந்த நல்ல சர்ஜனும் கத்தியைத் தொட மாட்டார்.

அருமனையிலிருந்து ஒரு வாசகி:

*எனக்கு 58. எங்கள் சபையின் பாடகர் குழுவில் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பாடுகிறேன். உச்சத்தில் பாடும்போது கழுத்தில் இரண்டு கயிறு தெரிகிறது. போன கிறிஸ்துமஸ் வீடியோவைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. போட்டாக்ஸ் போட்டால் போகும் என்று திருவனந்தபுரத்தில் நர்ஸாக இருக்கும் மருமகள் சொல்கிறாள். பயமாக இருக்கிறது.*

மருமகள் சொன்னது சரி, உங்கள் பயமும் சரி. அந்தக் கயிறுகள் பிளாட்டிஸ்மா தசையின் ஓரங்கள். தாடையிலிருந்து மார்பின் மேல்பகுதி வரை தோலுக்கு அடியிலேயே பரவிக் கிடக்கும் மெல்லிய தசை அது. வயதாகும்போது நடுவில் பிரிந்து, சுருங்கும்போதெல்லாம் ஓரம் எழும்பி நிற்கும். அதற்குத் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் ஊசியான போட்டாக்ஸைப் பல காலமாகவே போட்டு வருகிறோம், அமெரிக்காவில் இந்தக் கழுத்துக் கயிறுகளுக்கென்றே 2024 அக்டோபரில் அனுமதியும் கிடைத்தது. தாடை ஓரத்திலும் சில புள்ளிகள் போட்டால் கீழ்நோக்கி இழுக்கும் தசை தளர்ந்து தாடைக் கோடு கொஞ்சம் தெளியும். இரண்டு வாரத்தில் பலன் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் போய்விடும். தொங்கும் தோலுக்கு அது உதவாது, கயிறுக்கு மட்டும்தான்.

பாடுகிறவர் என்பதால்தான் யோசிக்கிறேன். அந்தத் தசைக்கு நேர் அடியில்தான் விழுங்குவதற்கும் குரல்வளையை அசைப்பதற்குமான தசைகள் இருக்கின்றன. மருந்து அளவு கூடினாலோ ஆழமாக இறங்கினாலோ விழுங்கச் சிரமம் வரும், குரலின் பலமும் குறையலாம். நிரந்தரம் இல்லை, ஆனால் மருந்தின் வேகம் குறையும்வரை பொறுத்துத்தான் ஆக வேண்டும். அதனால் கிறிஸ்துமஸ் கேரல் சீசன் முடியட்டும். ஜனவரியில், அனுபவமுள்ள கையில், குறைந்த அளவில் போட்டுப் பாருங்கள். மயஸ்தீனியா போன்ற தசைத் தளர்ச்சி நோய் இருந்தால் போடவே கூடாது. போட்ட அன்றைக்குக் கழுத்தை மசாஜ் செய்ய வேண்டாம்.

இன்னொன்றும் சொல்வேன், கோபிக்காதீர்கள். உச்ச சுரம் பாடும்போது எழும்புகிற கயிறைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அந்தச் சபையில் எத்தனை பேர்?

கோட்டாறிலிருந்து ஒரு மகள்:

*அம்மாவுக்கு 68 வயது. கழுத்துத் தோல் ரொம்பவே தொங்குகிறது. அம்மாவே ஆபரேஷன் கேட்கிறார்கள். பேஸ்மேக்கர் இருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார்கள். லேசர் போன்ற எளிய வழி ஏதும் உண்டா?*

அம்மாவுக்கு என் வணக்கம். கேட்பதற்கே ஒரு தைரியம் வேண்டும்.

லேசரிலிருந்து தொடங்குகிறேன். தோலைச் சுட்டு உரிக்கிற கார்பன் டை ஆக்சைடு லேசர் வெள்ளைத் தோல்காரர்களுக்குச் சரி. நம் நிறத்துக்கு அது கருத்த திட்டுகளை விட்டுப்போகும். முகத்தைவிடக் கழுத்து இன்னும் சிக்கல், அங்கே ரோமக்கால்கள் குறைவு, புண் ஆறும்போது புதுத்தோல் பிறப்பது அவற்றிலிருந்துதான். ஒலி அலைக்கும் ரேடியோ ஃப்ரீக்வன்சிக்கும் தோலின் நிறம் பொருட்டே இல்லை, அதனால்தான் நம் ஊரில் அவை பரவலாயின. ஆனால் ரேடியோ ஃப்ரீக்வன்சி மின்சாரம் பாய்ச்சுவது. பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கு வேண்டாம் என்பதுதான் விதி. எந்தக் கிளினிக்கிலாவது பேஸ்மேக்கரைப் பற்றிக் கேட்காமலே கையெழுத்து வாங்கினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நன்றாகத் தொங்கும் கழுத்துக்கு நிஜமான பலன் தருவது ஆபரேஷன் ஒன்றுதான். பழைய காலத்தில் தோலை மட்டும் இழுத்துத் தைத்தார்கள். முகம் விறைத்தும் போகும், சீக்கிரமே இறங்கியும் விடும். 1976-இல் மிட்ஸ், பேரொனி என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் தோலுக்கும் முகத்தசைக்கும் இடையில் பலமான ஓர் அடுக்கு இருப்பதை விவரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த அடுக்கைத் தூக்கிக் கட்டி, தோலை இழுவையில்லாமல் மேலே பொருத்துகிறார்கள். கழுத்துக்கு முகவாய்க்கு அடியில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, பிரிந்த பிளாட்டிஸ்மாவை நடுவில் சேர்த்துத் தைப்பார்கள். காதைச் சுற்றி, காதுக்குப் பின்னால் முடிக்குள் போகும் கீறல் மற்றது. இப்படிச் செய்தது பல வருஷம் நிற்கும், ஆனால் வயதாவது நின்றுவிடாது.

அம்மாவின் விஷயத்தில் தடை வயது இல்லை, அந்த மாத்திரைதான். ரத்தம் கட்டுவதுதான் இந்த ஆபரேஷனின் பெரிய ஆபத்து, முதல் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் வரும், கழுத்தில் வேகமாகச் சேர்ந்தால் மூச்சையும் அடைக்கும். மாத்திரையை நிறுத்தினாலோ இதயத்துக்கு ஆபத்து. நிறுத்தலாமா, எத்தனை நாள் என்று இதய மருத்துவர் எழுதித் தராமல் ஒருத்தரும் தொடக் கூடாது. அவர் கூடாது என்று சொல்லிவிட்டால் கூடாதுதான். அவர் சம்மதித்தால், ஐசியு இருக்கிற ஆஸ்பத்திரியில், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஹெச் அல்லது டிஎன்பி பட்டம் முடித்தவரிடம் போங்கள். வீக்கமும் நீலமும் இரண்டு மூன்று வாரம் இருக்கும். கோயிலுக்கும் விசேஷ வீட்டுக்கும் போக ஒரு மாதம் ஆகும். காதோரம் மாதக்கணக்கில் மரத்திருக்கும். அம்மாவுக்குக் காது குத்திய இடத்திலோ அம்மை ஊசித் தழும்பிலோ தடித்த கட்டி வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி வளருகிற உடம்பென்றால் காதோரக் கீறலிலும் வளரலாம், சர்ஜனிடம் மறக்காமல் காட்டுங்கள். செலவு லட்சங்களில் வரும், அழகுக்கான ஆபரேஷன் என்பதால் இன்சூரன்ஸ் கிடைக்காது. மயக்க மருந்து, ஆஸ்பத்திரி வாடகை, தங்கும் நாள் எல்லாம் தனித்தனியாகப் போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈத்தாமொழியிலிருந்து ஒரு வாசகி, 29 வயது:

*எங்கள் பாட்டிக்குப் பாம்படம் போட்டுப் போட்டுக் காது தோளில் வந்து விழும். அம்மாவுக்கு இப்போதே தாடை தொங்குகிறது. எனக்கும் இது பரம்பரையாக வருமா? தினமும் ஸ்கூட்டியில் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகிறேன். இப்போதே என்ன செய்ய வேண்டும்?*

பாட்டியின் காதுக்கும் பரம்பரைக்கும் சம்பந்தம் இல்லை, மக்களே. காது மடலின் கீழ்ப்பகுதியில் எலும்பும் கிடையாது, குருத்தெலும்பும் கிடையாது. வெறும் தோலும் கொழுப்பும்தான். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே துளையைப் பெரிதாக்கி, பிறகு வருஷக்கணக்கில் பாம்படம் என்ற கனமான காதணியைத் தொங்கவிட்டார்கள். நான் படித்து முடித்து வந்த காலத்தில் அப்படிப்பட்ட காதை வெட்டித் தைத்துக் கம்மல் போட ஆசைப்பட்டு வருகிற ஆச்சிமார் இருந்தார்கள், கூடவே வெட்கப்படுகிற பேத்திமாரும். கனத்தைக் கழற்றினால் மட்டும் காது மேலே ஏறிவிடாது. விரிந்த தோல் விரிந்ததுதான், கழுத்துக்கும் அதே சட்டம்.

அம்மாவிடமிருந்து தாடை எலும்பின் வடிவமும் தோலின் தன்மையும் வரும். முகவாய் சின்னதாக, பின்வாங்கி இருந்தால் சீக்கிரம் தெரியும். அதை மாற்ற முடியாது. உங்கள் கையில் இருப்பது வெயில். ஸ்கூட்டியில் போகும்போது ஹெல்மெட்டும் மாஸ்க்கும் முகத்தைக் காக்கின்றன, கழுத்தின் இரண்டு பக்கமும் ஜாக்கெட் கழுத்துக்கு மேலே உள்ள மார்பும் திறந்து கிடக்கின்றன. வெயிலில் பல வருஷம் போனவர்கள் கழுத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் செம்பழுப்பாகத் திட்டுத் திட்டாக இருக்கும், முகவாயின் நிழல் விழுகிற இடம் மட்டும் பழைய நிறத்தில் இருக்கும். நிழலின் மதிப்பு தெரிய வேறு சாட்சி வேண்டாம்.

எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் வாங்குங்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும். பெரும்பாலானவர்கள் அதில் கால்வாசிதான் போடுகிறார்கள், கழுத்துக்கு வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. அதன் மேல் ஒரு பருத்தித் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டால் க்ரீமைவிட அதுவே பெரிது. வண்டியில் போகும்போது முனைகளைச் செருகிக்கொள்ளுங்கள், சக்கரத்தில் மாட்டும். சென்ட்டைக் கழுத்தில் அடிக்காதீர்கள், வெயில் பட்டால் அந்த இடம் கருக்கும்.

ட்ரெட்டினாயின் க்ரீம் இருக்கிறது. தோலில் கொலாஜனை ஊறவைக்கும் என்று நன்றாக நிரூபணமான பூச்சு அது. ஆனால் உங்கள் வயதில் குழந்தைக்குத் திட்டமிருந்தால் வேண்டாம், கர்ப்பத்தில் கூடவே கூடாது. முப்பத்தைந்துக்கு மேற்பட்ட மற்றவர்கள் டாக்டரைக் கேட்டு 0.025 சதவீதத்தில் தொடங்கலாம். ஒரு பட்டாணி அளவை இரண்டு நாளைக்கு ஒரு இரவு, மேலே மாய்ஸ்சரைசர். கழுத்துத் தோல் மெல்லிசு, முகம் தாங்குகிற அளவைத் தாங்காமல் எரியும், உரியும். மூன்று மாதத்துக்கு முன் பலனைத் தேட வேண்டாம். தொங்கின தோலை அது தூக்காது. மெல்லிய சுருக்கத்தையும் சொரசொரப்பையும் சரிசெய்யும்.

கழுத்தின் பின்பக்கம் கருப்பாகத் தடித்து வெல்வெட்டாக இருந்தால் அது வெயில் இல்லை, அழுக்கும் இல்லை. தேய்க்காதீர்கள். சுகர் பார்த்துவிடுங்கள்.

தோவாளையிலிருந்து ஒரு வாசகி:

*முகத்துக்கான யோகா என்று வீடியோவில் காட்டுகிறார்களே, செய்தால் தாடை இறுகுமா? முட்டை வெள்ளைக்கரு, விளக்கெண்ணெய் மசாஜ்?*

வெள்ளைக்கரு காய்ந்து இழுத்துப் பிடிக்கும், கழுவினால் போயிற்று. எண்ணெய் தோலின் வறட்சியைத் தணிக்கும், அவ்வளவே. முகவாயை அண்ணாந்து "ஈ" என்று இழுக்கிற பயிற்சியை மட்டும் நாளெல்லாம் செய்யாதீர்கள், அருமனை அக்காவின் கயிறுகள் உங்களுக்கும் சீக்கிரம் வரும். கழுத்தைக் கீழிருந்து மேலாகத்தான் தேய்க்க வேண்டும் என்று ஒரு பயம் எல்லாரிடமும் இருக்கிறது. எந்தத் திசையில் தேய்த்தாலும் பரவாயில்லை, மெதுவாகத் தேயுங்கள்.

குலசேகரத்திலிருந்து ஒரு மனைவி:

*என் வீட்டுக்காரருக்கு 50 வயது. இரட்டைத் தாடை. ஆன்லைனில் தாடையைத் தூக்கிக் கட்டும் பெல்ட் ஒன்று வாங்கியிருக்கிறார். இரவு அதை மாட்டிக்கொண்டு தூங்குகிறார். குறட்டை மட்டும் குறையவே இல்லை. பலன் இருக்குமா?*

தாடைக்கு இருக்காது. காலையில் கழற்றும்போது தோல் கொஞ்ச நேரம் அழுந்திக் கிடக்கும், காப்பி குடித்து முடிப்பதற்குள் பழையபடி ஆகிவிடும். எனக்கு அந்தக் குறட்டைதான் உறுத்துகிறது. அவர் சட்டை காலர் அளவைப் பாருங்கள். ஆண்களுக்குக் கழுத்துச் சுற்றளவு 43 சென்டிமீட்டருக்கு மேல் இருந்து, குறட்டை விட்டுவிட்டு வந்தால், நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்தால், பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுந்தால், அது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் கெடுக்கிற நோய் அது, வண்டி ஓட்டுகிறவர் என்றால் விபத்துக்கும் வழி. ஒரு இரவு தூங்கும்போது பக்கத்திலிருந்து செல்போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து, நெஞ்சக மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். வாயை இறுக்கி மூடுகிற பெல்ட் அதுவரை அலமாரியில் இருக்கட்டும். திருப்பி அனுப்பத் தேதி இருந்தால் அனுப்பிவிடுங்கள்.